இரவு எட்டு மணி வீடு

சென்னையில் வாடகை வீடு பார்ப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நடக்கிறது. புரோக்கர் சாவியைத் திருகி உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்துவிடுகிறார். "பாருங்க சார், ஈஸ்ட் ஃபேசிங். காத்து அப்படியே பிச்சுக்கிட்டு வரும். பகல்ல லைட்டே போட வேணாம்." ஹாலில் சோபா எங்கே வரும், பெட்ரூமில் பீரோ நுழையுமா என்று மனசுக்குள் அளவெடுக்கிறோம். பாத்ரூம் குழாயை ஒருமுறை திறந்து மூடுகிறோம். வாடகை, அட்வான்ஸ், மெயின்டெனன்ஸ் என்று பேச்சு நகர்கிறது. "மத்தியானம் ரெண்டு பார்ட்டி வர்றாங்க சார், பிடிச்சிருந்தா டோக்கன் குடுத்துருங்க." மொத்தம் பத்து நிமிஷம். ஒரு புடவை எடுக்க இதைவிட அதிக நேரம் செலவழிக்கிறோம்.

இந்தப் பத்து நிமிஷத்தில் கண்ணில் படுவது சுவரும் தரையும் கதவும்தான். குடிபோன பிறகு நம்மைப் பாடாய்ப்படுத்தப் போகிற விஷயங்கள் எதுவும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்காது. சூடு பொழுது சாய்ந்த பிறகு வரும். தண்ணீரின் நிறம் சில மணி நேரம் கழித்து வெளிப்படும். ஓதம் ஐப்பசியில்தான் ஏறும். அத்தனையும் தாமதமாக வருகின்றன. எவ்வளவு தாமதம், ஏன் தாமதம் என்பதற்கெல்லாம் இயற்பியலில் கணக்கு இருக்கிறது. வீட்டின் சதுர அடியைக் கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது.

கடைசி மாடி வீட்டிலிருந்து தொடங்குவோம். தலைக்கு மேல் மொட்டைமாடி என்பதால் வாடகை கொஞ்சம் குறைவாக இருக்கும். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தரை 60 டிகிரி செல்சியஸை எளிதாகத் தொட்டுவிடும். செருப்பில்லாமல் வடகம் எடுக்கப் போனவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தச் சூடு உடனே கீழே இறங்கிவிடுவதில்லை. கான்கிரீட்டின் ஒவ்வொரு மெல்லிய அடுக்கும் முதலில் தான் சூடேறிக்கொள்கிறது. அதன் பிறகுதான் அடுத்த அடுக்குக்குக் கொஞ்சம் தருகிறது. அப்படியே அடுக்கடுக்காக, அவசரமே இல்லாமல் சூடு கீழே வருகிறது.

இந்த நகர்வுக்குக் கணக்குப் போட்டவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் ஃபூரியே. 1798-இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போனவர். திரும்பி வந்து, கிரெனோபிள் நகரில் அரசு நிர்வாகியாக வேலை பார்த்துக்கொண்டே, திடப்பொருளுக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார். 1807-இல் அவர் அளித்த ஆய்வுரையை கணிதவியலாளர் லக்ராஞ்ச் முதலான பெரியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. புத்தகமாக வெளிவருவதற்கு 1822 ஆகிவிட்டது. எகிப்திலிருந்து வந்த பிறகு அவருக்குக் குளிரே ஆகாது, அறையை எப்போதும் புழுங்கப் புழுங்க வைத்திருப்பார் என்று சொல்வார்கள். சென்னையின் கடைசி மாடி அவருக்குப் பிடித்திருக்கும்.

மேற்பரப்பு பகலில் சூடாகி இரவில் குளிர்ந்துகொண்டே இருந்தால் உள்ளே, ஆழத்தில், என்ன நடக்கும்? ஃபூரியே எடுத்துக்கொண்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. உள்ளே போகப் போக அந்த ஏற்ற இறக்கம் சுருங்கிக்கொண்டே போகும். கூடவே பின்தங்கிக்கொண்டும் போகும் என்பது விடை. தோராயமாகச் சொன்னால், கான்கிரீட்டுக்குள் 14 செ.மீ. இறங்கும்போது ஏற்ற இறக்கம் 37 சதவீதமாகச் சுருங்கிவிடும், உச்சம் ஏறக்குறைய நாலு மணி நேரம் தாமதமாகும். இதே கணக்கை ஒரு நாளுக்குப் பதிலாக ஓர் ஆண்டுக்குப் போட்டால் இன்னும் விசித்திரமான முடிவு கிடைக்கிறது. மண்ணுக்குள் சுமார் ஏழு மீட்டர் ஆழத்தில் பருவங்களே தலைகீழாகிவிடுகின்றன. மேலே கோடை கொளுத்தும்போது, அங்கே போன குளிர்காலத்தின் மிச்சம் மெல்லிசாக அப்போதுதான் வந்து சேர்கிறது.

நம் வீட்டுக்கு வருவோம். தளத்தின் கனம் ஐந்து ஆறு அங்குலம், அதாவது ஏறக்குறைய அதே 14 செ.மீ. அதன் மேல் சுர்க்கியும் தட்டோடும் சேர்ந்து இன்னும் மூன்று நாலு அங்குலம். மதியம் ஒரு மணிக்கு மாடியில் உச்சம் தொட்ட சூடு, நம் தலைக்கு மேல் உச்சம் தொடும்போது மணி ஆறு ஏழு ஆகிவிடும். பத்து மணியானாலும் முழுசாகத் தணியாது. கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் வேடிக்கை. விடியற்காலையில் மாடியில் இறங்கிய குளிர்ச்சி, கூரையின் அடிப்பக்கத்துக்கு வந்து சேர்வது காலை பத்து, பதினொரு மணிக்கு. ஆக, ஞாயிற்றுக்கிழமை நாம் போய் நின்று "பரவால்லையே, வெயில் தெரியலையே" என்று சொல்லும் அந்த நேரம், இருபத்துநாலு மணி நேரத்தில் கூரை அதிகமாகக் குளிர்ந்திருக்கும் நேரம். புரோக்கர்கள் யாரும் ஃபூரியேவைப் படித்துவிட்டு இந்த நேரத்தைக் குறிக்கவில்லை. எல்லோருக்கும் லீவு, அவ்வளவுதான்.

இன்னொன்று. உடம்பு காற்றின் சூட்டை மட்டும் உணர்வதில்லை. சுற்றியிருக்கும் சுவரும் கூரையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை நம் மேல் வீசிக்கொண்டே இருக்கின்றன. நாமும் பதிலுக்கு வீசுகிறோம். மூடிய அறையில் நமக்குப் படுகிற சூடு, காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றுப்பரப்புகளின் வெப்பநிலைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். ஏசியை 24-இல் வைத்திருக்கிறீர்கள், சுவரும் கூரையும் சராசரியாக 34 என்றால், உடம்புக்கு அது 29. "ஏசி சரியா கூல் ஆகலை" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். அவரும் வந்து கேஸ் நிரப்பிவிட்டுப் போகிறார்.

மெட்ராஸின் பழைய கொத்தனார்கள் ஃபூரியே இல்லாமலே இதைச் சமாளித்தார்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்ற தளத்தை இன்னும் பார்க்கலாம். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில், குறுக்குச்சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. கனமும் அதிகம், கூரையும் உயரம். சூடு கீழே வந்து சேர்வதற்குள் ஊரே தூங்கி எழுந்துவிடும். இப்போதைய அடுக்குமாடியில் அந்தக் கனத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் மாடித் தரைக்கு வெள்ளை அடித்திருக்கிறதா, வெள்ளை ஓடு பதித்திருக்கிறதா என்று ஏறிப் பார்க்கலாம். வெறும் சிமென்ட் தரை வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புது வெள்ளைப் பூச்சு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்காரர் அதைச் செய்திருந்தால், அவரிடம் வேறு விஷயங்களும் ஒழுங்காக இருக்க வாய்ப்புண்டு என்பது என் அனுமானம்.

நடு மாடி என்றால் கூரைச் சூடு இல்லை. மேற்குச் சுவர் இருக்கிறது. சாயங்காலம் நாலரை மணி வெயில் அதன் மேல் நேராக அடிக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் சூடு கடந்து வர ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அளவில் நன்றாகக் குறைந்துதான் வருகிறது; ஆனால் வந்து சேர்வது நள்ளிரவில், நாம் கட்டிலைச் சாத்திப் போட்டிருக்கும் சுவரின் வழியாக.

திசையைப் பற்றி நம்மிடம் நிறைய நம்பிக்கைகள் உண்டு. ஈஸ்ட் ஃபேசிங் என்றால் வாடகையே ஒரு படி ஏறும். அது வாசற்படியின் திசை. சூரியனுக்கு வாசற்படியைப் பற்றிக் கவலையில்லை, ஜன்னலைத்தான் பார்க்கிறது. வடக்கு ஜன்னலில் வெயிலே படாது என்று சொல்பவர்கள் சென்னையின் அட்சரேகையை மறந்துவிடுகிறார்கள். நாம் இருப்பது வடக்கே 13 டிகிரியில். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். கம்பத்துக்கு நிழலே விழாது. அன்றிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அக்னி நட்சத்திரம் முழுவதும் இதற்குள் அடக்கம். வடக்கு வெயில் உக்கிரமாக இருக்காது, செங்குத்தாக விழுவதால் ஒரு சின்ன சன்ஷேடே அதைத் தடுத்துவிடும். ஆனால் படவே படாது என்பது டெல்லிக்குச் சொன்னால் ஓரளவு பொருந்தும், சென்னைக்குப் பொருந்தாது.

காற்று விஷயமும் இப்படித்தான். கோடையில் சென்னையைக் காப்பாற்றுவது கடல்காற்று. தரை சூடேறி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடல் மேலிருக்கும் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு நகர்கிறது. தரை அவ்வளவு சூடாவதற்கு நேரம் வேண்டும். அதனால் கடல்காற்று ஊருக்குள் நுழைவது நண்பகலை ஒட்டி அல்லது அதற்குப் பிறகு. மே கடைசியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று வலுத்தால் இன்னும் பிந்தும், சில நாள் வரவே வராது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதே, அது இப்படி மேற்குக் காற்று ஆட்சி செய்யும் பருவம். காலை பதினொரு மணிக்கு ஜன்னல் வழியே பிய்த்துக்கொண்டு வரும் காற்று பெரும்பாலும் கடல்காற்று அல்ல. கடல்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். அந்தப் பக்கம் ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது, வந்த காற்று வெளியேற எதிர்ப்பக்கமோ பக்கவாட்டிலோ இன்னொரு திறப்பு வேண்டும். ஒரே பக்கம் ஜன்னல் வைத்த அறை, எத்தனை பெரிய ஜன்னலானாலும், மூச்சு முட்டும். பக்கத்து பில்டிங் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதென்றால் அதை ஜன்னல் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். "தண்ணி பிரச்சினை இல்லையே?" என்று கேட்டால் சென்னையில் எந்த வீட்டுக்காரரும் "இருக்கு" என்று சொன்னதில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தக் கோடையிலும் டூ-லெட் போர்டுகள் தொங்கத்தான் செய்தன. எந்தத் தண்ணீர் என்று பிரித்துக் கேட்க வேண்டும்: மெட்ரோ வாட்டரா, போரா, லாரியா, மூன்றும் ஒரே சம்பில் கலக்கிறதா?

கேட்பதைவிடப் பார்ப்பது மேல். பாத்ரூமுக்குள் போய் ஃப்ளஷ் டேங்க்கின் மூடியைத் தூக்குங்கள். வீடு காலியானதும் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், டைல்ஸை ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். ஃப்ளஷ் டேங்க்கின் உட்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. பல வருஷத்துத் தண்ணீரின் சரித்திரம் அங்கே எழுதியிருக்கும். வெள்ளையாகச் சுண்ணாம்புத் திட்டு படிந்திருந்தால் கடின நீர். பழுப்பாக, தொட்டால் கையில் ஒட்டுகிற மாதிரி வண்டல் இருந்தால் இரும்பு.

இரும்பு கலந்த போர்த் தண்ணீர் ஒரு தந்திரக்காரன். நிலத்தடியில் ஆக்சிஜன் அரிது. அங்கே இரும்பு, நீரில் நிறமில்லாமல் கரைந்திருக்கும் வடிவத்தில் இருக்கிறது. போரிலிருந்து நேராக வாளியில் பிடித்தால் கண்ணாடியாகத் தெரியும். புரோக்கர் கையில் அள்ளியே காட்டுவார். காற்று பட்டதும் அந்த இரும்பு மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து, கரையாத துருவாக மாறத் தொடங்குகிறது. காலையில் பிடித்து வைத்த வாளி மத்தியானம் மஞ்சளாகிவிடும். சாயங்காலம் அடியில் பழுப்பு மண்டி தங்கியிருக்கும். வெள்ளை வேட்டி ஒரு மாதத்தில் காவியாகும். இதற்கும் பத்து நிமிஷம் போதாது. ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்து, கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டு, குலுக்கி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் மறுநாள் பாருங்கள்.

கடின நீருக்கும் ஒரு தாமதம் உண்டு. கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடுபட்டால் கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. பெரும்பாலான உப்புகள் வெந்நீரில் அதிகம் கரையும், இது நேர்மாறு. ஆகவே அது முதலில் தாக்குவது கீஸரை. கம்பியில் ஏறிய சுண்ணாம்பு வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாமல் தடுக்க, கரன்ட் பில் ஏறி, ஒரு நாள் கம்பியே எரிந்துபோகும். அதை மாற்றும் செலவு யாருடையது என்பது குடியிருப்பவருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே தீராத வழக்கு. சில நூறு ரூபாய்க்கு விற்கும் பேனா வடிவ டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் நனைத்தால், கரைந்த உப்பின் அளவைத் தோராயமாகக் காட்டும். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது.

கடலோரமாக வீடு பார்ப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. கடற்கரை மணலுக்கு அடியில், மழையால் சேர்ந்த நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம்தான் அதிகம். அந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் அதன் கீழே 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இதை கைபென்-ஹெர்ஸ்பர்க் விதி என்பார்கள். முதலாமவர் டச்சுக்காரர், இரண்டாமவர் ஜெர்மானியர். கேட்க இனிப்பாக இருக்கிறது. திருப்பிப் படியுங்கள்: போர் போட்டு உறிஞ்சி மேல்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், அடியிலிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் ஏறிவரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் 1960-களின் கடைசியிலிருந்தே இப்படித்தான் கடல் நிலத்தடியில் உள்ளே நுழைந்தது. 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அந்தக் குழாய் உங்கள் பில்டிங்கில் மண்ணுக்குள் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா என்று குனிந்து பார்க்கலாம்.

பருவத்தின் தாமதம் எல்லாவற்றையும்விடப் பெரியது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடிபோக வேண்டும் என்று சென்னை மே மாதத்தில் வீடு தேடுகிறது. ஆடியில் பால் காய்ச்ச மாட்டார்கள். அதற்குள் முடித்தாக வேண்டும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1400 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய அறுபது சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஆக, வருஷத்திலேயே சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும் பருவத்தில் சுவரைப் பார்க்கிறோம்.

செங்கல்லுக்குள் இருக்கும் நுண்துளைகள் வழியே தண்ணீர் தானாக மேலே ஏறும். துளை எவ்வளவு நுண்மையோ அவ்வளவு உயரம். கணக்குப்படி பல மீட்டர்கூட ஏறலாம். வழியிலேயே ஆவியாகிவிடுவதால் பெரும்பாலும் இடுப்பளவோடு நின்றுவிடுகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும். கூட வந்த உப்பு பெயின்ட்டுக்குப் பின்னால் படிகமாக வளர்ந்து, பூச்சையே பிதுக்கித் தள்ளுகிறது. பெயின்ட் உப்பி, தொட்டால் மாவாக உதிர்வது இதனால்தான். வீடு முழுக்கப் பழைய பெயின்ட்டும், தரையிலிருந்து மூன்றடி மட்டும் புதுப் பெயின்ட்டும் இருக்கிற வீட்டைக் கண்டால் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

வெள்ளத்துக்கு மீட்டர் எதுவும் வேண்டாம், தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் போதும். வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லக் காரணம் உண்டு, இவருக்கு இல்லை. "அண்ணே, மழைக்கு இங்க தண்ணி நிக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். "இந்த முனை வரைக்கும் முட்டியளவு வரும் தம்பி. அந்த நீலக் கேட்டுக்கு அந்தாண்ட வராது" என்று கேட் வாரியாகச் சொல்வார். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. அந்தத் தண்ணீர் புதிதாக ஒரு பாதை கண்டுபிடிக்கவில்லை, பழைய ஏரிகளையும் கால்வாய்களையும் தேடிப் போயிற்று. அங்கே நாம் இருந்தோம். தி.நகரே 1920-களில் ஒரு நீண்ட ஏரியின் படுகையில் எழுந்த ஊர்தான். மேற்கு மாம்பலத்தின் ஏரிக்கரைச் சாலையில் இன்று ஏரியைத் தேட வேண்டாம். ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் விரிந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வெகுவாகச் சுருங்கிய பிறகு, 2022-இல்தான் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பகலில் கேட்காத ரயில் இரவில் ஏன் கேட்கிறது? ஊர் அடங்கியது பாதிக் காரணம். இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே சற்றுச் சூடான காற்று. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், ஆகவே மேலே எழும்பிய ஒலி வளைந்து கீழே திரும்பிவிடுகிறது. பகலில் வானத்துக்குப் போய்விட்ட சத்தம் இரவில் நம் ஜன்னலுக்கு வருகிறது. சம்ப் மோட்டார் எந்தப் பெட்ரூமுக்குக் கீழே இருக்கிறது என்பதையும் கேட்டுவைக்கலாம். விடிகாலை ஐந்து மணிக்கு அது தானே சொல்லிவிடும்.

இனி, எத்தனை வீடு பார்ப்பது? கணிதம் இதற்கும் ஒரு விடை வைத்திருக்கிறது. 1960-இல் மார்ட்டின் கார்ட்னர் ஓர் அமெரிக்க அறிவியல் இதழில் எழுதிப் பிரபலமாக்கிய புதிர் இது. வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. விட்டால் போச்சு, திரும்பக் கிடைக்காது. ஆகச் சிறந்ததை எப்படிப் பிடிப்பது? மொத்தத்தில் முதல் 37 சதவீதத்தைப் பார்க்க மட்டும் செய்யுங்கள், எடுக்காதீர்கள். அதன் பிறகு, இதுவரை பார்த்த எல்லாவற்றையும்விட நல்லதாக வரும் முதல் வீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பது விடை. பத்து வீடு என்றால் மூன்றை விட வேண்டும். ஆகச் சிறந்தது கையில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம். வானியலாளர் கெப்ளர் முதல் மனைவி இறந்த பிறகு பதினோரு பெண்களைப் பரிசீலித்து, கடைசியில் ஐந்தாமவரிடமே திரும்பிப் போய் 1613-இல் மணந்துகொண்டார். அந்தச் சலுகை சென்னையில் கிடையாது. ஐந்தாவது வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது அங்கே யாரோ பால் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள்.

37 என்ற எண் இரண்டாம் முறை வருவதைக் கவனித்திருப்பீர்கள். கூரைக்குள் 14 செ.மீ. இறங்கிய சூட்டின் ஏற்ற இறக்கமும் 37 சதவீதம்தான். இரண்டும் ஒன்றை 2.718... என்ற எண்ணால் வகுத்தால் வருவது. கூட்டுவட்டி முதல் கதிரியக்கம் வரை எங்கும் தலைகாட்டும் அந்த எண், வீடு தேடுவதிலும் தேடிய வீட்டின் கூரையிலும் ஒருசேர நிற்கிறது.

இருந்தாலும் இந்த 37 விதியை நம்பி வீடு தேட நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு வீட்டைப் பார்த்ததுமே அது முந்தியதைவிட நல்லதா இல்லையா என்று சொல்லிவிட முடியும் என்று அது எடுத்துக்கொள்கிறது. கூரையும் வாளியும் சுவரும் பிறகுதான் பேசும் ஊரில் அது நடக்காது. பத்து வீடுகள் எல்லோருக்கும் வரிசையில் வரும் என்பது இன்னொரு அனுமானம். "நீங்க என்ன ஆளுங்க?", "நான்-வெஜ் சமைப்பீங்களா?", "பேச்சிலரா?" என்ற கேள்விகளில் பலருடைய பத்து, மூன்றாகிவிடுகிறது. மூன்றில் எதை விட்டு எதைப் பார்ப்பது? இது கணிதத்தின் குறை அல்ல, நம் ஊரின் அசிங்கம். அட்வான்ஸ் விஷயத்திலாவது சட்டம் கொஞ்சம் உதவுகிறது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், உடன்பாட்டில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்த ஷரத்தைப் படியுங்கள்.

பத்து வீட்டை ஒருமுறை பார்ப்பதைவிட நாலு வீட்டை இரண்டு முறை பார்ப்பது லாபம். ஞாயிறு முற்பகலில் பிடித்துப்போன வீட்டுக்கு, டோக்கன் கொடுக்கும் முன் ஒரு வார நாளில் இரவு எட்டு மணிக்குப் போங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் பெட்ரூமில் நில்லுங்கள். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். மே-ஜூன் கரன்ட் பில்லையும் நவம்பர்-டிசம்பர் பில்லையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்த வீட்டின் தெர்மாமீட்டர். முன்பு இருந்தவர் ஏன் காலி செய்தார் என்று எதிர்வீட்டில் விசாரியுங்கள். புரோக்கர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், கமிஷனாக ஒரு மாத வாடகையை அவருக்குக் கொடுப்பது நீங்கள்தானே.